மாவட்டத் தலைநகருக்குப் போக அடுத்த மாநிலத்தைத் தாண்டணும்: குயிலாப்பாளையம் சொல்லும் எல்லைக் கதை

குயிலாப்பாளையத்துக்காரரிடம் சென்னையிலோ கோவையிலோ "எந்த ஊர்?" என்று கேட்டால், "பாண்டி பக்கம்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அரசுப் பதிவேட்டின்படி அது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். வீட்டு வாசலில் நிற்கும் வண்டிகளில் திண்டிவனத்தின் டி.என்.16 எண்ணும் உண்டு, புதுச்சேரியின் பி.ஒய்.01 எண்ணும் உண்டு. ஆனால் அஞ்சல் குறியீடு புதுச்சேரி நகரைப் போலவே 605இல் தொடங்குகிறது. தரைவழித் தொலைபேசிக்கும் புதுச்சேரியின் 0413தான். தபாலும் தொலைபேசியும் ஊரை ஒரு பக்கம் சேர்க்க, ஆர்.டி.ஓ.வும் தாசில்தாரும் இன்னொரு பக்கம் சேர்க்கிறார்கள்.

ஏன் இந்தக் குழப்பம்? வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் பாதி புரிந்துவிடும்.

வரைபடத்தில் ஒரு கந்தல் துணி

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்குப் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என நான்கு பகுதிகள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். புதுச்சேரிப் பகுதியே ஒரே நிலப்பரப்பு இல்லை என்பது பலருக்குத் தெரியாது. மொத்தமே 290 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். அதுவும் ஒன்றோடொன்று ஒட்டாத துண்டுகளாக, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குள் சிதறிக் கிடக்கிறது.

இதை யாரும் மேசையில் உட்கார்ந்து திட்டமிட்டு வரையவில்லை. 1674இல் காலூன்றிய பிரெஞ்சுக்காரர்கள், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்சியாளர்களிடமிருந்து கிராமம் கிராமமாகப் பெற்ற நிலம் அது. இடையிடையே ஆங்கிலேயர் பிடிப்பதும் திருப்பித் தருவதுமாக இருந்தார்கள். கடைசியாக 1816இல் திருப்பிக் கொடுத்தபோதும் அந்தக் கந்தல் அப்படியே போனது. குயிலாப்பாளையம் ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டத்தில் நின்றது. கொஞ்ச தூரம் வடக்கே கடலோரத்தில் இருந்த காலாப்பட்டு பிரெஞ்சுக் கொடியின் கீழ்.

கோடு காகிதத்தில் மட்டும் இருக்கவில்லை. இந்தியா விடுதலை அடைந்த பிறகு பிரெஞ்சுப் பகுதியைச் சுற்றிச் சுங்கச் சாவடிகள் இருந்தன. பக்கத்து ஊருக்குப் போகிறவரின் பையைத் திறந்து பார்த்தார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் முடிந்தது. 1956 ஒப்பந்தப்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பிரெஞ்சுப் பகுதி மக்களுக்குக் கிடைத்தது. புதுச்சேரித் தெருக்களில் இன்றும் பிரெஞ்சு ஓய்வூதியக் குடும்பங்கள் இருப்பது அதனால்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்த குயிலாப்பாளையத்துக்காரருக்கு அந்தப் பேச்சே இல்லை.

விழுப்புரம் போகும் வழி

குயிலாப்பாளையத்திலிருந்து புதுச்சேரி 10 கிலோமீட்டர்தான். விழுப்புரம் 40 கிலோமீட்டருக்கு மேல். ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கப் பேருந்தில் கிளம்புகிறவர் முதலில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வரணும். கோட்டக்குப்பம் வரை தமிழ்நாடு. அடுத்து முத்தியால்பேட்டை, புதுச்சேரி. நகரத்தில் பேருந்து மாறி வில்லியனூர், அரியூர் தாண்டினால் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. கொஞ்ச நேரத்தில் திருபுவனை, மதகடிப்பட்டு, மறுபடி புதுச்சேரி. வளவனூர் வந்த பிறகுதான் தமிழ்நாடு நிலையாக நிற்கும். சொந்த மாவட்டத் தலைநகருக்குப் போய்ச் சேர்வதற்குள் நான்கு முறை எல்லை தாண்டியாகிவிட்டது.

எதிர்த் திசையில் இதே கதை காலாப்பட்டுக்கும் நடக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகமும் மத்தியச் சிறையும் இருக்கிற இடம் என்பதால் பெயர் தெரிந்த ஊர். பிள்ளைச்சாவடி, கனகசெட்டிக்குளம் எல்லாம் சேர்ந்த இந்த வடக்குத் துண்டிலிருந்து புதுச்சேரி நகருக்கு வர, பொம்மையாபாளையம், முதலியார்சாவடிகள், கோட்டக்குப்பம் என்று தமிழ்நாட்டைக் கடக்காமல் வழியில்லை. 2020 ஊரடங்கில் இரு அரசுகளும் எல்லையில் தடுப்பு போட்டபோது இதன் அர்த்தம் உறைத்தது. ஜிப்மர் மருத்துவமனைக்குப் போக வேண்டிய வானூர் நோயாளிக்கும் எல்லை, சொந்தத் தலைநகருக்கு வர வேண்டிய காலாப்பட்டுக்காரருக்கும் எல்லை.

16 கிலோமீட்டர் விதி

பேருந்து, ஆட்டோ விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 88. ஒரு மாநிலத்தில் வாங்கிய பெர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்லாது. அங்குள்ள போக்குவரத்து அதிகாரியின் மேலொப்பம் வேண்டும். ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது. புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்து, நடுவில் வேறு மாநிலத்துக்குள் ஓடும் தூரம் 16 கிலோமீட்டரைத் தாண்டாவிட்டால் மேலொப்பம் தேவையில்லை.

காலாப்பட்டு மாதிரி ஊர்களை நினைத்தே எழுதியது போல இருக்கும் விதி இது. புதுச்சேரியில் கிளம்பி காலாப்பட்டில் முடியும் பேருந்துக்குக் கவலையில்லை. அதே புதுச்சேரியிலிருந்து குயிலாப்பாளையத்தோடு முடிகிற வண்டி, தூரம் குறைவுதான் என்றாலும், மாநிலங்களுக்கு இடையே ஓடும் வண்டி ஆகிவிடுகிறது. பெர்மிட்டுக்கு இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போடணும். ஆரோவில் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிக்கு வாடகை வண்டி இருக்கு. வேலைக்கும் சந்தைக்கும் போகிற உள்ளூர்ப் பெண், சாலையோடு போகிற பேருந்தைப் பிடிக்கப் பெரிய முதலியார்சாவடி வரை வரணும். வருகிற பேருந்து தமிழ்நாடு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தாக இருந்தால் 2021 மே முதல் அவருக்கு டிக்கெட் இல்லை. தனியார் பேருந்து வந்தால் காசு. எது முதலில் வருகிறதோ அதைப் பொறுத்தது அன்றைய செலவு.

சொந்த வண்டிக்கும் விதி உண்டு. வேறு மாநிலப் பதிவு எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் பதிவை மாற்றணும். கட்டிக்கொடுத்த ஊர் ஒரு பக்கம், பிறந்த ஊர் இன்னொரு பக்கம் என்று வாழும் குடும்பங்களில், மாமியார் வீட்டு ஸ்கூட்டர் எந்த மாநிலத்தில் 'வைக்கப்பட்டிருக்கிறது' என்று சொல்வது லேசில்லை.

ஒரே மொழி, வேற வேற சான்றிதழ்

பேச்சிலோ, சாப்பாட்டிலோ, கும்பிடும் சாமியிலோ இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. வித்தியாசம் தெரிவது அலுவலக ஜன்னலில். புதுச்சேரி அரசின் கல்லூரி இடங்களுக்கு அங்கே வசித்ததற்கான சான்று கேட்பார்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி வளர்ந்த குயிலாப்பாளையம் பிள்ளைக்கு அந்த வரிசையில் இடமில்லை; அவருடைய போட்டி தமிழ்நாடு முழுவதோடு. பள்ளியில் முன்பு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே படித்தார்கள். 2023-24 முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின. அக்காள் தங்கை பிள்ளைகள் இனி ஒரே புத்தகத்தை மாற்றிப் படிக்க முடியாது.

கிராமங்களைப் பரிமாறி எல்லையை ஒழுங்கு செய்துவிடலாமே என்று தோன்றலாம். இந்தியாவும் வங்கதேசமும் 2015இல் 162 திட்டு நிலங்களை அப்படித்தான் தீர்த்துக்கொண்டன. ஆனால் அங்கே மக்கள் எந்த நாட்டின் சலுகையும் இல்லாமல் தவித்தார்கள். இங்கே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சட்டமன்றத் தொகுதி, ஒரு சலுகைப் பட்டியல், அதை விட விரும்பாத மக்கள் இருக்கிறார்கள். நிலத்தை மாற்றுவதைவிடப் பேருந்தை மாற்றுவது சுலபம். மேலொப்பத்தை எளிதாக்கி, எல்லையோர ஊர்களுக்கென இரு அரசுகளும் ஒப்பந்தம் போட பிரிவு 88லேயே இடமிருக்கிறது.

கடல் விஷயத்தில் இன்னும் அவசரம். 1980களின் இறுதியில் கட்டிய புதுச்சேரித் துறைமுகம், வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்துவிட்டது. நகரத்தைக் காக்கக் கரையில் கல் கொட்டப்பட்டது. அரிப்பு வடக்கே நகர்ந்து, தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையாபாளையம் என்று தமிழ்நாட்டு மீனவர் வீடுகளின் வாசலுக்கு வந்துவிட்டது. துறைமுகம் கட்டியது ஒரு அரசு. படகு நிறுத்த மணல் இல்லை என்று மீனவர் மனு கொடுக்க வேண்டியது விழுப்புரத்தில்.