மாத்திரை வேலை செய்கிறதா? படம் சொல்லும் சேதி

மேமோகிராம் படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். பால்சுரப்பியும் நார்த்திசுவும் வெள்ளையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், புற்றுநோய்க் கட்டியும் வெள்ளைதான். வெண்மை மிகுந்த, அதாவது அடர்த்தியான மார்பகத்தில் கட்டி எளிதில் ஒளிந்துகொள்ளும். அடர்த்தி கூடக் கூட நோய் வரும் வாய்ப்பும் கூடும். கையால் தொட்டுப் பார்த்து இதை அறிய முடியாது.

இந்த வெண்மை ஹார்மோனுக்கு ஏற்ப மாறக்கூடியது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்துக்கொண்ட பெண்களுக்கு ஓராண்டில் அடர்த்தி சராசரியாக 6 சதவீதம் ஏறியதை அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வு கண்டது. தமாக்சிஃபென் என்ற மாத்திரை இதற்கு நேர் எதிர். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, மார்பக செல்லில் ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய இடத்தை அது முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும்.

நோய் வரும் ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டு தமாக்சிஃபென் கொடுத்துப் பார்த்த ஆய்வு, ஐபிஸ்-1. லண்டனின் ஜாக் கியூசிக் குழு 2011இல் அதன் படங்களை ஆராய்ந்தது. மார்பகப் பரப்பில் வெள்ளை எத்தனை சதவீதம் என்று கதிரியக்க மருத்துவர் கண்ணால் பார்த்தே, ஐந்து ஐந்தாகக் கணித்தார். 12 முதல் 18 மாதங்களுக்குள் அடர்த்தி 10 சதவீதமாவது குறைந்தவர்களுக்கு நோய் ஆபத்து 63 சதவீதம் குறைந்திருந்தது. மாத்திரை சாப்பிட்ட பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இவர்கள். அடர்த்தி அந்த அளவுக்குக் குறையாத மற்றவர்களுக்குப் பலன் இல்லையென்றே சொல்லலாம். உடல் தகிப்பையும் இரவு வியர்வையையும் பொறுத்துக்கொண்டு தினமும் மாத்திரை விழுங்குகிற ஒருத்திக்கு, அது பலிக்கிறதா என்பதை ஓராண்டிலேயே ஊகிக்க வழி இருப்பது பெரிய விஷயம் என்பேன்.

ஆனாலும் ஒரே படத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மார்பகத்தை அழுத்தும் விதம் மாறினாலே அளவு மாறும். உடல் எடை ஏறினால் கொழுப்பு கூடி, சதவீதக் கணக்கில் அடர்த்தி குறைந்ததுபோலத் தோன்றும். இதற்கு மாற்றான எம்ஆர்ஐ, கதிர்வீச்சில்லாமல் மார்பகத்தின் முழுக் கனஅளவையும் காட்டும். செலவுதான் கையைக் கடிக்கும்.

சுவீடனின் 'கரிஸ்மா' ஆய்வு மேமோகிராம் அடர்த்தி அளவீட்டையே நம்பி இறங்கியது. வழக்கமான 20 மில்லிகிராமுக்குப் பதில் வெறும் 2.5 மில்லிகிராம் தமாக்சிஃபென் கொடுத்தபோதும், மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு ஆறு மாதத்தில் அடர்த்தி அதே அளவுக்கு இறங்கியது. கடுமையான தகிப்பும் வியர்வையும் சுமார் பாதியாகக் குறைந்தன. அந்தச் சிறு அளவு நோயையும் அதேபோல் தடுக்குமா என்பதற்கு ஆறு மாத ஆய்வு போதாது. அதைச் சொல்ல, பெண்களைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும்.