பகடை விழும் முன்னும் பின்னும்



ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை நீலகிரியின் கீழைச் சரிவில் ஊன்றிப் பெய்யும்பொழுது, கோத்தகிரியில் பிற்பகலிலேயே மஞ்சு இறங்கி எதிர்வீட்டையும் மறைத்துவிடும். அத்தகைய நாள்களில் கூடத்தில் சுண்ணக்கட்டியால் கட்டம் வரைந்து பெரியோர் தாயம் ஆடலாம். அதே கூடத்தின் மூலையில் கல்லூரி மாணவர் ஒருவர் கைபேசியில் பகடை உருட்டிப் பாதாள அறைகளைக் கடந்துகொண்டிருக்கலாம். இரண்டும் வெவ்வேறு உலகங்களாகத் தோன்றினும், இரண்டிலும் ஒரே ஐயம் எழுகிறது. வென்றவன் மதியால் வென்றானா, அதிருஷ்டத்தால் வென்றானா?

'இரண்டும் கலந்ததே' என்று கூறி ஒதுங்குவோர் பலர். கலவை என்பது சரி. என்ன விகிதத்தில் என்பதன்றோ வினா? அதனை அளக்க எளிய கோல் ஒன்று உண்டு. ஆட்டக்காரன் முடிவு செய்தபின் பகடை விழுகிறதா, அல்லது பகடை விழுந்தபின் அவன் முடிவு செய்கிறானா என்று பாருங்கள்.

பரமபதத்தை எடுத்துக்கொள்வோம். அதில் முடிவு செய்வதற்கே இடமில்லை. எண் விழுகிறது, காய் நகர்கிறது, ஏணி ஏற்றுகிறது, பாம்பு இறக்குகிறது. பேரறிஞரும் ஐந்து வயதுக் குழந்தையும் அங்கே சமமானவர்கள். வினைப்பயனைக் காட்ட வரைந்த படம் அது. திறமையைச் சோதிக்க வரைந்ததன்று.

தாயம் அப்படிப்பட்டதன்று. நீண்ட பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள். ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரு கட்டைகளும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அவற்றுள் தாயமாகிய ஒன்று விழும் வழிகள் 2; இரண்டு விழ 3; மூன்று விழ 4; நான்கு விழ 3; ஐந்து விழ 2; ஆறு விழ 1; இரண்டும் வெறுமையாகிப் பன்னிரண்டு எனக் கொள்ளப்படும் வழி 1. காயை இறக்கத் தாயம் வேண்டும் என்பது விதி. எட்டு முறை எறிந்தால் ஒரு தாயம் என்பது சராசரி. ஆனால் சராசரியை நம்பி ஏமாறுவோர் பலர். எட்டு முறையும் தாயம் விழாமற் போவது நூற்றுக்கு 34 தடவை நேரக்கூடியது! காய் இறங்காமல் காத்திருப்பவர் தம் கைராசியைப் பழித்துக்கொள்வதில் பொருளில்லை.

காய்கள் இறங்கிய பின்னரே மதிக்கு வேலை. எண் விழுந்துவிட்டது; எந்தக் காயை நகர்த்துவது? எதிரியின் காய் நம் காய்க்கு மூன்று கட்டம் பின்னால் நின்றால், ஒரே வீச்சில் அவர் வெட்டும் வாய்ப்பு 16-இல் 4. ஆறு கட்டம் பின்னால் நின்றால் 16-இல் 1 மட்டுமே. அருகில் நிற்பதெல்லாம் ஒரே அளவு ஆபத்தன்று. எதிரிக்கு மூன்று கட்டம் முன்னால் நிற்பதே அனைத்தினும் கொடிது. இக்கணக்கை எழுதிப் பாராத பாட்டியரும், காயை மலையில் ஏற்றிப் பத்திரப்படுத்த வேண்டிய தருணத்தைப் பழக்கத்தினால் துல்லியமாக அறிவர்.

இனிக் கைபேசியில் ஆடும் மாணவரிடம் வருவோம். அவர் ஆடும் வகைக்கு மூலமானது 'ரோக்' என்னும் கணிப்பொறி விளையாட்டு. 1980ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்னும் மாணவர் இருவர் அதனை உருவாக்கினர். ஒவ்வோர் ஆட்டத்திலும் நிலவறைகள் புதிதாக அமையும். ஆகவே வழியை மனப்பாடம் செய்து பயனில்லை. உணவு அளவோடுதான் கிடைக்கும். ஆகவே ஓரிடத்தில் தயங்கி நிற்கவும் இயலாது. இறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதன் கடுமையெல்லாம் இந்த மூன்றாவது விதியில் அடங்கியுள்ளது. வாளை வீசலாமா, ஓடலாமா என்று முடிவு செய்தபின் மறைவிலுள்ள பகடை உருள்கிறது. வாள் தவறவும் கூடும். இங்கே பகடை பின்னால் விழுவதால், மதியின் வேலை அது விழுவதற்கு முன்பே நடந்தாக வேண்டும். தப்பும் வழி இல்லாத அறைக்குள் நுழையாதிருப்பதும், மருந்தை உயிர் போகும் நேரம்வரை பதுக்காமல் உரிய வேளையில் உட்கொள்வதும் அத்தகையன.

2019இல் டெர்ரி கவனா என்பார் வெளியிட்ட 'டைசி டன்ஜன்ஸ்' தாயத்தின் நெருங்கிய உறவு எனலாம். அதில் பகடைகள் முதலில் விழுகின்றன. அவற்றை எந்தக் கருவியில் இடுவது என்பதை ஆட்டக்காரர் முடிவு செய்கிறார். மூன்றுக்கு மேற்பட்ட எண்ணை ஏற்காத குறுவாள் ஒன்று அங்கே உண்டு. அதனை வைத்திருப்பவருக்குச் சிறிய எண் சாபமன்று, வரமே. எந்த எண் விழுந்தாலும் ஏதேனும் ஒரு பயன் உண்டாகுமாறு கருவிகளைச் சேர்த்து வைப்பதே அங்குத் திறமை.

இவற்றில் திறமை உண்டென்பதற்குச் சான்று யாது? ஒரு வெற்றி சான்றாகாது. தொடர் வெற்றியே சான்று. ரோக் வகையைச் சேர்ந்த 'நெட்ஹாக்' 1987இல் வெளிவந்தது. புதியவர்கள் அதில் நூறு முறை ஆடியும் ஒருமுறை வெல்லாமல் இருக்கலாம். ஆயினும் இருபது முறைக்கு மேல் இடையறாது வென்ற வல்லுநர் உளர். பரமபதத்தில் அத்தகையவரைக் காண முடியுமா?

கோத்தகிரி விவசாயி இவ்விரு வகை ஆட்டங்களையும் நன்கு அறிவார். உருளைக்கிழங்கு நடுபவர் முதலில் முடிவு செய்கிறார். மழையும் கருகல் நோயும் சந்தை விலையும் பின்னர்தான் பகடையாய் விழுகின்றன. தேயிலை வைத்திருப்பவரோ கொழுந்து வந்திருப்பதைக் கண்டபின் பறிக்கும் நாளைக் குறிக்கிறார். விலை மட்டும் அவர் கையில் இல்லை. ஒரு பகுதியில் தேயிலை, ஒரு பகுதியில் காய்கறி என நிலத்தைப் பிரித்துக்கொள்வது, ஒரே காயை ஓட்டாமல் பல காய்களை இறக்கும் தாய ஆட்டக்காரரின் செயலை ஒத்தது. ஒரு வேறுபாடு உண்டு. விளையாட்டில் தோற்றால் இழப்பது அரைமணி நேரம். வயலில் தோற்றால் ஓராண்டு.

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை இவற்றோடு சேர்த்து எண்ணலாகாது. 'இது திறமை ஆட்டம்' என்று அவற்றின் விளம்பரங்கள் கூறின. திறமை இருப்பது உண்மையாகவே இருப்பினும், திறமை குறைந்தவனின் பணம் அதன் வழியாகவே பறிபோகும் என்பதை அவ்விளம்பரங்கள் கூறவில்லை. தமிழ்நாடு 2022இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா வாய்ப்பா என்ற பாகுபாட்டையே விட்டுவிட்டுப் பணம் வைத்தாடும் இணைய ஆட்டம் எதுவாயினும் தடை என்றது. வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் வைத்திருப்பதை இங்கு நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

சூதில் நாடிழந்த நளனின் கதையில் ஒரு நுட்பம் உண்டு. இருதுபன்னன் என்னும் மன்னன் தேரில் செல்கையிலேயே தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் எண்ணிக் கூறுகிறான். அந்த எண்ணும் வித்தையோடு பகடையின் மறையையும் நளன் அவனிடம் கற்கிறான். தான்றிக் கொட்டைகளே அக்காலத்துப் பகடைகள் என்பர். எண்ணுதலும் பகடையும் ஒரே பாடமாக அங்கே வைக்கப்பட்டிருப்பது வியப்புக்குரியது.

வீட்டில் தாயக்கட்டை இருப்பின், மழைநாள் ஒன்றில் 160 முறை எறிந்து, விழும் எண்களைக் கோடிட்டுக் குறித்து வாருங்கள். தாயம் 20ஐ ஒட்டியும், மூன்று 40ஐ ஒட்டியும் வரவேண்டும். தாயம் 12க்கும் 28க்கும் இடையில் எங்கு நின்றாலும் இயல்பே. அதற்கு வெகுதூரம் விலகினால், இன்னொரு 160 முறை எறிந்து பாருங்கள். மீண்டும் விலகுமானால், பல்லாண்டுப் பழக்கத்தில் கட்டையின் முனைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று விளக்கொளியில் திருப்பிப் பார்க்கலாம்.