மலையில் சைக்கிள் மிதித்தால் மாதச் சம்பளம் வருமா?

ஜெயித்தவர்கள் கதையும், விழுந்தவர்கள் கதையும்!

சைக்கிள் மிதித்தே சம்பாதித்துக் குடும்பம் நடத்த முடியுமா? அதுவும் ரோட்டில் அல்ல. கல்லும் மரவேரும் நிறைந்த மலைச்சரிவில்!

முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கொஞ்சம் பேர்தான்.

"எனக்கு வேலையெல்லாம் வேணாம், சைக்கிள்தான் என் தொழில்" என்று ஒரு பையன் கிளம்பினால், பெற்றோர் கம்பை எடுக்கவும் வேண்டாம். உடனே தலையாட்டவும் வேண்டாம். முதலில் கணக்கைப் பார்க்கட்டும்.

கிரீஸ் புகைந்தது!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், மாரின் பகுதி. 1976-ல் அங்கே சில வாலிபர்கள் ஒரு விளையாட்டை ஆரம்பித்தார்கள். பழைய, கனத்த சைக்கிள்களை மலைமேல் ஏற்றுவது. மண் பாதையில் தலைதெறிக்க இறங்குவது!

கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக்கில் இருந்த கிரீஸ் சூட்டில் எரிந்து புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 'மறுபடி அடை' என்று அர்த்தம்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஜோ பிரீஸ். 1977-ல் மலைக்கென்றே புது சைக்கிள் செய்தார். கேரி பிஷரும் சார்லி கெல்லியும் 1979-ல் 'மவுண்டன் பைக்ஸ்' என்று கம்பெனி தொடங்கினார்கள்.

கவனித்தீர்களா? இவர்கள் தொழில்காரர் ஆனது சைக்கிளை வேகமாக விட்டதால் அல்ல. செய்து விற்றதால்!

படி அளப்பது யார்?

1990-ல் அமெரிக்காவின் துராங்கோ நகரில் முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன் போட்டி நடந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் இந்தப் பந்தயம் இடம் பிடித்தது.

ஆனால் பரிசுத் தொகையை மட்டும் நம்பி அடுப்பு மூட்ட முடியாது. படி அளப்பவை சைக்கிள் கம்பெனிகள். கம்பெனி டீமில் சேர்ந்தால் சம்பளம், ஜெயித்தால் போனஸ். டயர், ஹெல்மெட், ஷூ கம்பெனிகள் தருவது தனி.

நல்ல டீமில் இடம் கிடைக்காதவர் பாடு? ஒரு சைக்கிள் இனாமாகவோ, விலை குறைத்தோ கிடைத்தாலே அதிர்ஷ்டம். நுழைவுக் கட்டணம், பயணம், சாப்பாடு எல்லாம் சொந்தக் கைக்காசு. வேனிலேயே படுத்து எழுந்து பந்தயத்துக்குப் போகிறவர்களும் உண்டு.

உச்சி எவ்வளவு குறுகல் தெரியுமா? 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயத்துக்கு ஆண்களுக்கு 36 இடம், பெண்களுக்கு 36 இடம். உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான்!

யோகம் எல்லோருக்கும் இல்லை

சுவிஸ் வீரர் நீனோ ஷுர்ட்டர் 10 முறை உலக சாம்பியன். 2016-ல் ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார். 39 வயது வரை தாக்குப் பிடித்து 2025-ல் ஓய்வு பெற்றார். அடேயப்பா!

எல்லோருக்கும் அப்படி வாய்க்குமா?

துராங்கோவில் பெண்கள் பிரிவில் ஜெயித்த ஜூலி பர்ட்டாடோவைப் பாருங்கள். முழங்கால் காயத்தால் பனிச்சறுக்கை விட்டு சைக்கிளுக்கு வந்தவர். கொடிகட்டிப் பறந்த காலத்தில் லூபஸ் என்ற நோய் தாக்கியது. பந்தய வாழ்க்கை முடிந்தது.

2015-ல் யூட்டா மாநிலத்தில் நடந்த சாகசப் போட்டியில் பால் பசகொய்ட்டியா என்ற வீரர் விழுந்தார். முதுகெலும்பு முறிந்து, கால்கள் செயலிழந்தன. நீண்ட சிகிச்சைக்குப் பிறகே ஓரளவு நடமாட்டம் திரும்பியது. ஒரு நொடிதான்; தொழிலே போச்சு!

மெக்கானிக் பெற்ற வாழ்வு

ஸ்காட்லாந்தின் டேனி மெக்காஸ்கில் எடின்பரோவில் சைக்கிள் கடை மெக்கானிக். தெருச்சுவர் மீதும் கம்பிவேலி மீதும் சைக்கிள் விட்டுப் பழகியவர். 2009-ல் அந்தச் சாகசங்கள் வீடியோவாக வந்தன. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். கடை வேலையை விட்டார். சைக்கிளே பிழைப்பாயிற்று!

2018-ல் உலக சாம்பியன் ஆன அமெரிக்கப் பெண் கேட் கோர்ட்னி, அதற்கு முந்தைய ஆண்டே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டார். பந்தயத்துக்காகப் படிப்பைக் கைவிடவில்லை.

பிரிட்டனின் ரேச்சல் அதர்டன் 2016-ல் மலையிறக்க உலகக் கோப்பைப் பந்தயங்கள் அத்தனையிலும் முதலிடம் பிடித்தவர். அவரும் அண்ணன்கள் டான், ஜீ இருவரும் 2019-ல் சொந்தமாக சைக்கிள் கம்பெனியே ஆரம்பித்தார்கள். பந்தயம் ஓய்ந்தாலும் கல்லாப்பெட்டி ஓயக்கூடாது என்ற முன்யோசனை!

இன்னொரு வழியும் இருக்கிறது. கனடாவின் விஸ்லர் மலையில் சைக்கிளை லிப்டில் ஏற்றிக்கொண்டு மேலே போய், ஓட்டி இறங்க ஜனங்கள் வருகிறார்கள். அங்கே சொல்லிக்கொடுக்கிறவர், வழிகாட்டி, பாதை போடுகிறவர், ரிப்பேர் பார்க்கிறவர் எல்லோருக்கும் வேலை உண்டு. கோப்பை கிடைக்காது, கூலி கிடைக்கும்.

ஆக, பந்தயம் ஒரு பத்து வருஷத் தொழில் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். சைக்கிள் தொழிலோ வாழ்நாள் முழுக்க வரும்.

மலையில் ஓட்ட ஆசைப்படும் பையன் தாராளமாக ஓட்டட்டும். கூடவே ஸ்பானர் பிடிக்கவும் கற்றுக்கொள்ளட்டும்!