நண்பர்களோடு மெக்சிகன் சாப்பாடு: எதைக் கேட்டு வாங்குவது?

அமெரிக்காவில் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மெக்சிகன் உணவகம் திறந்தால் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போய்ப் பார்ப்பது வழக்கம்தான். போன இடத்தில் ஆளுக்கொரு புரிட்டோ, நடுவில் ஒரு தட்டு நாச்சோஸ் என்று சொல்லிவிட்டுப் பேச உட்கார்ந்துவிடுகிறோம். அந்தச் சமையலறையில் எது நன்றாக வருகிறது என்று தெரிந்துகொள்ளாமலே எழுந்தும் வந்துவிடுகிறோம். மெக்சிகோவின் மரபுச் சமையலை 2010இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்ட சமையலை ஒரு புரிட்டோவோடு முடித்துக்கொள்வது பெரிய இழப்பு. கூட்டமாகப் போவதில் உள்ள வசதியே பல தட்டுகளை நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடலாம் என்பதுதான்.

உட்கார்ந்ததும் பல இடங்களில் ஒரு கூடை சிப்ஸும் சல்சாவும் வரும். பசியோடு போனவர்கள் அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள். ஒரு கூடையோடு நிறுத்திக்கொண்டு சல்சாவைக் கவனியுங்கள். பச்சை சல்சா தக்காளிக்காயில் செய்வதல்ல; டொமாட்டியோ என்ற காயில் செய்வது. மெல்லிய காகிதம் போன்ற உறைக்குள் இருக்கும் இந்தக் காய், நம் வயல் வரப்பில் முளைக்கிற சொடக்குத் தக்காளியின் இனம். அதைச் சுட்டு அரைத்திருந்தால் சல்சாவில் கருகிய தோலின் துணுக்குகள் தெரியும், புளிப்பும் புகைவாசமும் சேர்ந்து வரும். அப்படி ஒரு சல்சா வந்தால் உள்ளே அக்கறையோடு சமைக்கிறார்கள் என்று நம்பலாம்.

அடுத்து பார்க்கவேண்டியது டார்ட்டியா. மெக்சிகன் சாப்பாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டு வகை உண்டு: மக்காச்சோளத்தில் செய்வது, கோதுமை மாவில் செய்வது. கோதுமை வடக்கு மெக்சிகோவின் பழக்கம், சோனோரா மாநிலம் அதற்குப் பேர்போனது. நாட்டின் பெரும்பகுதியில் சோளம்தான். நல்ல சோள டார்ட்டியா, தோசைக்கல் போன்ற கொமால் என்ற கல்லில் போட்டதும் உப்பும்; மேலே அங்கங்கே பழுப்புப் புள்ளி விழும்; மடித்தால் விரிசல் விடாது. மூக்கருகே கொண்டுபோனால் மண்வாசனை கலந்த ஒரு மணம் வரும். பாக்கெட்டிலிருந்து எடுத்துச் சூடாக்கியது காய்ந்து, மடிப்பில் பிளந்துவிடும். “டார்ட்டியா இங்கேயே போடுகிறீர்களா?” என்று கேளுங்கள். பதில் ‘ஆமாம்’ என்றால் டாக்கோவைத் தவறவிடாதீர்கள்.

அந்த மணம் சுண்ணாம்பால் வருவது. காய்ந்த மக்காச்சோளத்தை நீர்த்த சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி, அரைத்து மாவாக்குகிறார்கள். மேல்தோல் கழன்றுவிடும், மாவு ஒட்டிப் பிடிக்கும் பதம் வரும். இன்னொன்றும் நடக்கிறது. சோளத்தில் நம் உடலுக்கு எட்டாமல் பிணைந்து கிடக்கும் நியாசின் என்ற பி3 உயிர்ச்சத்து விடுபடுகிறது. மக்காச்சோளம் கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தச் செய்முறை கூடப் போகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லக்ரா என்ற நோய் வாட்டியது: தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, புத்தித் தடுமாற்றம், கடைசியில் மரணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே கொடுமை நடந்தது. மெக்சிகோவின் பழங்குடிப் பெண்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வீட்டில் செய்துவந்த ஒரு வேலைக்குள் இவ்வளவு பெரிய அறிவு இருந்திருக்கிறது.

மெனுவைப் புரட்டுவதற்கு முன் பரிமாறுபவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: சமைப்பவர்கள் மெக்சிகோவில் எந்த மாநிலத்துக்காரர்கள்? பெரும்பாலும் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். எதைக் கேட்டு வாங்குவது என்பதும் அந்தப் பதிலிலேயே இருக்கும். புவெப்லா அல்லது ஒஹாக்கா என்றால் மோலே. காய்ந்த மிளகாய் வகைகளை வறுத்து ஊறவைத்து, எள், கொட்டைகள், மசாலா எல்லாம் சேர்த்தரைத்த கெட்டிக் குழம்பு அது. புவெப்லா மோலேயில் கொஞ்சம் சாக்லேட்டும் சேரும், ஆனால் இனிப்புப் பண்டமாக இருக்காது. யுகாத்தான் என்றால் கொச்சினீத்தா பிபில்: பன்றி இறைச்சியில் அச்சியோட்டே என்ற சிவப்பு விதையின் விழுதைத் தடவி, வாழை இலையில் பொதிந்து மெதுவாக வேகவைப்பது. மிச்சோவகான் என்றால் கார்னித்தாஸ்: கொழுப்பில் மெதுவாக வேகவைத்த பன்றி இறைச்சி. ஹாலிஸ்கோ என்றால் பிரியா. அது ஊரில் ஆட்டிறைச்சியில் செய்வது. அமெரிக்காவில் பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்கிறார்கள், ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டில் செய்கிற கடை கிடைத்தால், கூடவே கிண்ணத்தில் வரும் சாற்றில் டாக்கோவைத் தோய்த்துச் சாப்பிடுங்கள். ஆட்டுக்கறி பிடித்த யாரும் அதை மறக்கமாட்டார்கள்.

மஞ்சள் சீஸ் உருகி வழியும் தட்டு, சீரகம் தூக்கலான இறைச்சி, இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் ஃபஹீத்தா எல்லாம் டெக்சாஸ் வழி வந்தவை. இவற்றை ‘அசல் இல்லை’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். டெக்சாஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதி. எல்லைக்கோடு மாறியதே தவிர அங்கே இருந்த மக்கள் அதே மண்ணில் சமைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாச்சோஸ்கூட எல்லையோர மெக்சிகோ நகரமான பியேத்ராஸ் நெக்ராஸில் 1940களில் இக்னாசியோ அனயா என்பவர் உருவாக்கியது. இக்னாசியோவின் செல்லப்பெயர் நாச்சோ.

சைவ நண்பர்கள் கூட இருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். மசித்து வறுத்த பீன்ஸில் மரபாகச் சேர்ப்பது பன்றிக்கொழுப்பு. ஸ்பானிஷில் அதன் பெயர் மான்டேகா. ஆவியில் வேகவைக்கும் தமாலேயின் சோள மாவிலும் கோதுமை டார்ட்டியாவிலும் அது இருக்கலாம். சிவப்புச் சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பது சாதாரணம். மோலேயிலும் கோழிச்சாறு இருக்கும். பன்றி சாப்பிடாத அசைவர்களுக்கும் இந்தக் கேள்வி முக்கியம். “இறைச்சி இல்லை” என்ற பதிலோடு விட்டுவிடாமல் கொழுப்பையும் சாற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்டபிறகும் சைவருக்கு நல்ல சாப்பாடு நிறையவே உண்டு. நம் ஊர் சப்பாத்திக்கள்ளியின் மடலை முள் சீவி வதக்கிய நொப்பாலேஸ், பூசணிப்பூ வைத்த கேசடியா, போப்லானோ மிளகாயைச் சுட்டுக் கீறி க்ரீமில் வதக்கிய ராஹாஸ். சீஸ் அடைத்த மிளகாயான சீலே ரெயேனோவில் முட்டை மாவுப் பூச்சு உண்டு.

காரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். மிளகாய் நம் நாட்டுக்கு வந்ததே அமெரிக்கக் கண்டத்திலிருந்து, போர்ச்சுகீசியர் வழியாகத்தான். ஹலப்பேனோ மிளகாய், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் 2,500 முதல் 8,000 வரை. நமக்கு அது பெரிய காரம் அல்ல. ஆரஞ்சு நிற ஹபனேரோ மட்டும் 1,00,000ஐத் தாண்டும், அதைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த மிளகாயை அவர்கள் காரத்துக்காக மட்டும் சேர்ப்பதில்லை. ஆஞ்சோவில் உலர்திராட்சையின் இனிப்பு, சிப்போட்லேயில் புகை என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சுவை இருக்கிறது.

குடிக்க, புளித்தண்ணீரில் சர்க்கரை கலந்த டமரிண்டோ இருக்கிறதா பாருங்கள். அரிசியும் பட்டையும் அரைத்த ஓர்சாட்டாவும் நன்றாக இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டாம். புதுக் கடையின் சமையலறை இன்னும் பழகியிருக்காது. முதலில் குவாக்கமோலே, ஒரு காய்கறித் தட்டு, ஒரு மோலே சொல்லுங்கள். கூட வரும் சூடான டார்ட்டியாவைப் பிய்த்து எல்லோரும் தொட்டுச் சாப்பிடலாம். டாக்கோவை இரண்டாம் சுற்றுக்கு வையுங்கள், ஆளுக்கு ஒரு வகை. வந்ததும் சாப்பிட்டுவிடவேண்டும், பேச்சில் விட்டால் ஊறிப்போய்க் கிழிந்துவிடும். பில்லை ஆளுக்கு ஆள் பிரிப்பதாக இருந்தால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம் வைப்பது அமெரிக்காவில் முறை.

முதல் தடவை வார நாள் மாலையில் போங்கள், பரிமாறுபவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். சாப்பாடு பிடித்திருந்தால் அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை போய், பொசோலே இருக்கிறதா என்று கேளுங்கள். சுண்ணாம்பில் வேகவைத்த முழுச் சோளமும் இறைச்சியும் சேர்ந்த அந்தச் சூப்பைப் பல கடைகள் சனி, ஞாயிறில் மட்டும்தான் செய்கின்றன.