தாழ்ந்த சுருதியில் ஓர் இசை



இசை என்றவுடன் நம் நினைவிற்கு முதலில் வருவது இனிமை. ஆயினும், வேண்டுமென்றே மெதுவாகவும் கனமாகவும் துயரந் தோய்ந்தும் ஒலிக்கும் இசை ஒன்று உலகில் உண்டு. வருவாய் கருதாமல், தம் கைப்பொருளைச் செலவிட்டு அதனைப் பேணும் இளைஞர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். அவ்விசைக்கு ‘டூம் மெட்டல்’ என்று பெயர். அது எங்கே பிறந்தது? அதன் இயல்பு யாது? அதனை வாசிக்கும் தனித்த குழுவினர் படும் பாடு எத்தகையது? போடி மலைச்சாரலில் வாழும் நமக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? இந்நான்கு வினாக்களுக்கும் இப்பேச்சில் விடை காண்போம்.

முதலில் பெயரை நோக்குவோம். ‘டூம்’ என்னும் ஆங்கிலச் சொல் தப்ப இயலாத கேட்டினைக் குறிக்கும். நம் ‘ஊழ்’ என்னும் சொல் இதற்கு அண்மையில் வரும். எனினும் முற்றும் பொருந்தாது. ஆகூழ் என்றும் போகூழ் என்றும் ஊழை நம் முன்னோர் இருவகைப்படுத்தினர். டூம் என்பதோ போகூழ் ஒன்றனையே சுட்டும். ‘மெட்டல்’ என்பது மின்கிதாரின் பேரொலியை அடிப்படையாகக் கொண்ட இசைவகையின் பெயர். ஆகவே, கேட்டினையும் இழப்பினையும் பொருளாகக் கொண்டு, மின்கிதாரில் மெல்ல நடத்தப்படும் பேரிசை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

இவ்விசையின் ஊற்று இங்கிலாந்து நாட்டின் பர்மிங்காம் நகரம். அது தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே 1968ஆம் ஆண்டில் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர் ஒரு குழுவாகக் கூடினர். அக்குழுவே பின்னர் ‘பிளாக் சாபத்’ எனப் பெயர் பெற்றது. அதன் கிதார்க் கலைஞர் டோனி ஐயோமி, 1965இல், தம் 17ஆம் வயதில், தகட்டு ஆலை ஒன்றில் வேலை பார்த்து வந்தார். அவ்வேலையின் கடைசி நாளன்று இயந்திரத்தில் சிக்கி அவருடைய வலக்கையின் இரு விரல் நுனிகள் துண்டிக்கப்பட்டன. அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். ஆதலின், தந்திகளை அழுத்த வேண்டிய விரல்களே போயின.

வாசிப்பு முடிந்தது என்றே அவர் எண்ணினார். அப்பொழுது ஆலையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொணர்ந்து கேட்கச் செய்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவர் வாசித்தது. அவரும் தீ விபத்தில் இரு விரல்களின் இயக்கத்தை இழந்தவரே. ஐயோமிக்கு ஊக்கம் பிறந்தது. நெகிழிப் புட்டியை உருக்கி விரலுறைகள் செய்து, அவற்றின்மேல் தோலை ஒட்டி, மீண்டும் வாசிக்கலானார். கனத்த தந்திகள் விரலை வருத்தின. எனவே மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர்ச் சுருதியையும் தாழ்த்தினார். 1971இல் வெளிவந்த மூன்றாவது இசைத்தட்டின் பல பாடல்களில் சுருதி மூன்று அரைச்சுர அளவு இறங்கியிருந்தது. காயத்தினின்று பிறந்த இந்த ஏற்பாடே ஒரு புதிய ஒலிக்கு வழி வகுத்தது.

சுருதியைத் தாழ்த்தினால் விரலுக்கு ஏன் எளிதாகிறது? பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுரமானியைக் கண்டவர்க்கு இது விளங்கும். தந்தியின் அதிர்வெண், அதன் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமையும். கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி வழக்கமாக நொடிக்கு 82 முறை அதிரும். மூன்று அரைச்சுரம் இறக்கினால் ஏறக்குறைய 69 முறை அதிரும். கணக்கிட்டுப் பாருங்கள்: இழுவிசை சுமார் 30 விழுக்காடு குறைந்துவிடுகிறது. நம் பறைக் கலைஞர் செய்வது இதற்கு நேர்மாறு. அவர் வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சித் தோலை இறுகச் செய்து ஒலியை உயர்த்துகிறார். இருவரும் கையாள்வது ஒரே இயற்கை விதியே.

அடுத்து, சுரங்களைக் காண்போம். அக்குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடலின் அடித்தளம் ஓர் இடைவெளி. சட்சத்திலிருந்து ஆறு அரைச்சுரம் தள்ளி நிற்கும் சுரம் அது. நம் இசையில் அதற்குப் பிரதி மத்திமம் என்று பெயர். ஐரோப்பிய இசைவாணர் அவ்விடைவெளியைச் சாத்தானோடு சேர்த்துப் பெயரிட்டு வழங்கினர். நம் நாட்டிலோ 72 மேளகர்த்தா இராகங்களுள் 36 இச்சுரத்தை உடையன. மங்கலம் மிக்க கல்யாணியும் அவற்றுள் ஒன்று. எனவே, சுரம் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. அது எங்கே, எவ்வளவு நேரம், எவற்றோடு நிற்கிறது என்பதே அதன் சுவையைத் தீர்மானிக்கிறது. கல்யாணியில் பஞ்சமத்தை நோக்கி நகரும் அதே சுரம், இங்கே எங்கும் நகராமல் நின்று அச்சத்தை விளைவிக்கிறது.

மூன்றாவது கூறு காலம். நாம் விளம்ப காலம் என்போமே, அதனினும் மெல்லிய நடையில் இவ்விசை செல்லும். நான்காவது கூறு கரகரப்பு. மின்பெருக்கியை அதன் ஆற்றலுக்கு மேல் உந்தினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு, மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கும். இந்நான்கும் கூடியதே இவ்விசை. 1980களில் இது தனி வகையாக வளர்ந்தது. சுவீடன் நாட்டின் ‘கேண்டில்மாஸ்’ குழு 1986இல் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பிலேயே ‘டூம்’ என்னும் சொல்லை விளையாட்டாக இலத்தீன் வடிவில் அமைத்தது.

இனி ஓர் ஐயம் எழும். துயரத்தையும் பேயையும் சுடுகாட்டையும் பாடும் இசை இளைஞரைக் கெடுத்துவிடாதோ? பெற்றோர் பலர் கேட்கும் வினா இது, தள்ளத்தக்கதும் அன்று. ஆனால் நம் இலக்கியத்தைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையையும் அச்சத்தையும் உவகைக்கு நிகராக வைத்தார். அழுகை பிறக்கும் நிலைக்களங்களாக இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை என நான்கைக் கூறினார். காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடினார். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. விளரிப் பண் இரங்கலுக்கு உரியதாயிற்று. ஓர் இல்லத்தில் சாப்பறையும் மற்றோர் இல்லத்தில் மணமுழவும் ஒருங்கே ஒலிக்கும் ஊரைப் பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றில் காட்டினார். இவற்றைக் கற்று யாரும் கெட்டதில்லை. துயரைத் தாங்கும் வலிமையே பெற்றனர். அழுகைக்கு ஓர் ஒழுங்கான வடிவம் கிடைக்குமாயின் நெஞ்சின் சுமை குறைகிறது. ஒப்பாரி வைக்கும் நம் பாட்டிமார் இதனை நன்கு அறிவர். ஆயினும், துயர் மிகுந்து தனிமையில் வாடும் மாணவர்க்கு இசை மட்டும் போதாது. பெற்றோரையோ ஆசிரியரையோ மருத்துவரையோ அவர் நாட வேண்டும்.

இந்தியாவில் இவ்விசை பெங்களூரில் வேரூன்றியது. 1990களில் அங்கு எழுந்த ‘டையிங் எம்பிரேஸ்’ இத்துறையின் முன்னோடிக் குழு. பின்னர் வந்த ‘பேவர் சீ’ 2012இல் தன் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அப்பெயரில் ஒரு குறும்பு உண்டு. கன்னடப் பேச்சுவழக்கில் நாதியற்றவனைக் குறிக்கும் வசைச்சொல் ஒன்றை இரு துண்டாக்கி, ஆங்கிலப் பெயர்போல் அமைத்துக்கொண்டனர். ‘ஜின் அண்ட் மிஸ்கடானிக்’ என்னும் குழுவோ 2013இல் வந்த தன் முதல் தொகுப்பில் வழக்கமான கிதாரையே விடுத்து, தாழ்சுர கிதாரையும் முழவையும் குரலையும் கொண்டே இசைத்தது.

இத்தகைய குழுக்களை ‘நிலத்தடிக் குழுக்கள்’ என்பர். சட்டத்திற்கு மறைந்தவை என்பது பொருளன்று. வணிக வெளிச்சம் படாதவை என்பதே பொருள். அவற்றின் வாழ்வு எத்தகையது? உறுப்பினர்க்கு வேறு தொழில் இருந்தாக வேண்டும். ஏனெனில் இவ்விசை சோறு போடாது. மாலையிலும் விடுமுறை நாளிலும் கூடுவார்கள். ஒலி அயலாரைத் துன்புறுத்தாத ஓர் அறையைத் தேடி வாடகை கொடுக்க வேண்டும். ஒலிப்பதிவுக்கூடத்திற்கு மணிக்கணக்கில் பணம் செலுத்த வேண்டும். பத்து நிமிடம் நீளும் பாட்டிற்குத் திரைப்படத்தில் இடமில்லை. நூறு பேர் கூடினால் அதுவே நல்ல கூட்டம். இதே பெங்களூரில் 2011இல் ‘மெட்டாலிகா’ என்னும் அமெரிக்கக் குழு வாசித்தபொழுது பல்லாயிரவர் திரண்டனர். புகழ்பெற்ற குழுவிற்கும் தனித்த குழுவிற்கும் உள்ள தொலைவு அத்தகையது.

மெதுவாக வாசிப்பது எளிது என்று எண்ணிவிடாதீர்கள். விரைந்த நடையில் சிறு பிழை மறைந்துவிடும். மெல்லிய நடையிலோ இரண்டு அடிகளுக்கு இடையே நெடிய வெளி இருக்கிறது. அவ்வெளியில் நால்வரும் ஒரே காலக்கணக்கை மனத்தில் சுமந்து நிற்க வேண்டும். விளம்ப காலப் பல்லவி பயின்ற எவரும் இதன் அருமையை உணர்வர்.

இணையம் பரவாத நாள்களில் இக்குழுக்களை இணைத்தது அஞ்சலகம். ஒலிநாடாவைப் படியெடுத்து, கடிதத்துடன் அயல்நாட்டு நண்பர்க்கு அனுப்புவார்கள். அவர் தம் ஊர்க் குழுவின் நாடாவை அனுப்புவார். உறையினுள் பிற குழுக்களின் துண்டறிக்கைகளையும் இட்டு அனுப்புவது வழக்கம். பெறுபவர் அவற்றை அடுத்தவர்க்கு அனுப்புவார். இவ்வாறு காசில்லாத இளைஞர் தமக்குள்ளேயே ஓர் உலக வலையைப் பின்னிக்கொண்டனர்.

இவ்வளவும் எங்கோ நிகழ்ந்தவை என்று எண்ண வேண்டா. தனித்த இசைக்குழுவின் வரலாறு நம் மலையடிவாரத்திலேயே உண்டு. போடிக்குத் தெற்கே, இதே மேற்குமலை அடிவாரத்தில் பண்ணைப்புரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூர்ப் பாவலர் வரதராசன், பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடியவர். நாட்டுப்புற மெட்டுகளிலும் மக்கள் அறிந்த மெட்டுகளிலும் புதிய சொற்களை இட்டுப் பாடுவது அவர் முறை. 1956இல் மாநிலங்கள் மொழிவழிப் பிரிக்கப்பட்டபொழுது, தமிழ்த் தொழிலாளர் நிறைந்த தேவிகுளம் கேரளத்தில் சேர்ந்தது. 1958இல் அங்கு இடைத்தேர்தல் நடைபெற்றது. தோட்டத் தொழிலாளரிடையே பாவலர் பாடினார். அவ்வாண்டு அவருடைய குழுவில் சேர்ந்த இளைய தம்பிக்கு அகவை 15கூட நிரம்பவில்லை எனலாம். அத்தம்பியே பின்னாளில் உலகறிந்த இளையராஜா. 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாகத் திரையுலகில் அறிமுகம் ஆகும் வரை, சற்றேறக்குறைய 18 ஆண்டுகள் மேடையும் பயணமும் பயிற்சியுமாக அவர் வாழ்வு கழிந்தது. 2025 மார்ச்சு 8ஆம் நாள் இலண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது.

பாவலர் குழுவின் இசை டூம் மெட்டல் அன்று. இரண்டின் ஒலியும் முற்றிலும் வேறு. ஆனால் நிலை ஒன்றே. இசைத்தட்டு நிறுவனம் இல்லை, திரையரங்கு இல்லை, மேடை அமைத்த இடமே அரங்கம். பர்மிங்காமில் தகட்டு ஆலையின் இரைச்சலினூடே வாழ்ந்த மக்களின் பிள்ளைகள் இரும்பொலியில் பாடினர். ஏலமலையில் குளிரிலும் மழையிலும் உழைத்தோர் தம் துன்பத்தைப் பாவலரின் சொல்லில் கேட்டனர். இன்றும் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து போடிமெட்டு ஏறும் ஏலத்தோட்டப் பெண்களின் நாள் கனமான நாளே. கனமான நாளுக்குக் கனமான இசை வேண்டியிருக்கிறது.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அயல்நாட்டார் துயரிசையைக் கறுப்புச் சட்டை அணிந்து வாசித்தால் அதனைப் புதுமை என்கிறோம். நம் தெருவில் சாவு வீட்டின் முன் பறை முழக்குபவரை, உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து நெஞ்சை உருக்கும் முனகலை எழுப்புபவரை, என்ன செய்தோம்? அவருடைய இசை நமக்கு வேண்டியிருந்தது. அவரோடு சமமாக அமர்வது மட்டும் வேண்டாததாயிற்று. இசையைச் சாதியோடு பிணைத்துக் கலைஞரைத் தள்ளி வைத்தோம். அண்மைக் காலத்தில் பறை கல்லூரி மேடைகளுக்கு வந்திருப்பது மகிழத்தக்கது. ஆனால் தெருவில் வாசிப்பவர்க்கும் அதே மதிப்புக் கிடைத்தாலன்றி அம்மாற்றம் நிறைவு பெறாது.

உங்களுள் சிலர் ஒரு குழு அமைக்க விரும்பலாம். அவர்கட்கு ஆசிரியன் என்ற முறையில் நான்கு சொற்கள் கூறுவேன். சுருதியையும் தாளத்தையும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். பேரொலி குறையை மறைக்காது. உங்கள் ஊரின் துயரை உங்கள் மொழியில் எழுதுங்கள். இரவல் துயரம் நெடுநாள் நில்லாது. வரவு செலவை ஒரு குறிப்பேட்டில் எழுதி அனைவரும் அறிய வையுங்கள். பணத்தால் நட்பு முறிந்து குழுவும் கலைந்துபோவதுண்டு. படிப்பையும் தொழிலையும் கைவிடாதீர்கள். உங்களுக்குச் சோறு தரும் தொழில் இருந்தால்தான் உங்கள் இசை எவர்க்கும் அடிமையாகாது.

இசைக் குழு அமைக்காத ஏனையோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. அடுத்த முறை உங்கள் தெருவில் பறையும் உறுமியும் ஒலிக்கும்பொழுது சன்னலைச் சாத்தாமல் சிறிது நேரம் கேளுங்கள். அடிகளுக்கு இடையே உள்ள வெளியைக் கவனியுங்கள். வாசிப்பவரின் பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.