மாட்டுக் கொட்டகையில் ஒரு யெஸ்டி

மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வீட்டிலேயே வைத்துச் சரிசெய்வது எப்படி என்று இந்த மலரில் எழுதுகிறேன். ‘அது ஆட்டோமொபைல்காரன் வேலையாச்சே’ என்று சிரிக்க வேண்டாம். தெர்மல் பாடத்தில் படமாகப் பார்த்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

வண்டி யெஸ்டி. மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி 1961 முதல் செக்கோஸ்லோவாக்கியா நாட்டு ஜாவாவை இங்கே தயாரித்தது. 1973-லிருந்து அதே வண்டி யெஸ்டி என்ற பெயரில் வந்தது. 1996-ல் கம்பெனி மூடப்பட்டது. (இப்போது ஷோரூமில் அதே பெயரில் நிற்பது 2022-ல் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. பெயர்தான் ஒன்று.) பழைய யெஸ்டியில் போர் 65 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள், 249 சி.சி.க்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். கியர் லீவரையே உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அதுவே கிக்கர்! கியர் லீவரை மிதித்தாலே கிளட்சும் தானாக விடுபடும்.

எங்கள் வண்டியில் அப்பா பல வருஷம் எவர்சில்வர் பாத்திரக் கூடை கட்டி ஊர் ஊராக வியாபாரம் செய்தார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அந்தப் படிப்புக்கு வழி செய்தது அந்த வண்டிதான். பிறகு அது நின்றுபோய், மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. போன வருஷம் பழைய இரும்புக்காரர் எடை போட வந்துவிட்டார். “ஒரு மாசம் பொறுங்கப்பா, நான் பாக்குறேன்” என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு மாசம் நாலு மாசம் ஆனது வேறு விஷயம்.

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். “வெள்ளைப் புகை நிக்கவே நிக்காது தம்பி, ஆயிலும் கொறையும்” என்றார் அப்பா. டவுன் மெக்கானிக் ஒருவர், “எஞ்சின் போச்சு, வேற பழைய எஞ்சின் மாத்து” என்று சொல்லியிருந்தாராம். இங்கேதான் பாடம் உதவியது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் கேஸ் பெட்ரோல்-காற்றுக் கலவையை உறிஞ்சும். கீழே வரும்போது அதை அழுத்தி மேலே தள்ளும். ஆகவே கிராங்க் கேஸ் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். அதைக் காப்பது கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல். யெஸ்டியில் இடப்பக்கம் கிளட்ச், வலப்பக்கம் டைனமோ. இடது சீல் போனால் கிளட்ச் பக்க ஆயிலை எஞ்சின் குடிக்கும். புகை வரும், ஆயில் குறையும். வலது சீல் போனால் வெளிக்காற்று புகுந்து, கலவை மெலிந்து, சூடேறி பிஸ்டன் பிடிக்கும். அப்பா சொன்ன இரண்டு அடையாளமும் இடது சீலைத்தான் காட்டின. ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்காக வண்டியே எடைக்குப் போக இருந்தது!

சீலை மாற்ற எஞ்சினை இறக்கி, கேஸைப் பிளக்க வேண்டும். கிளட்சையும் டைனமோ ஆர்மேச்சரையும் சுத்தியலால் தட்டி எடுக்கவே கூடாது, புல்லர்தான். பேரிங் மட்டும் கேஸை விட்டு வர மறுத்தது. எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்று படித்திருக்கிறோம் அல்லவா? 60 மி.மீ. துளையை 70 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், பேரிங்கும் சேர்ந்து சூடானாலும் 0.04 மி.மீ.க்கு மேல் இடைவெளி கிடைக்கும். அதுவே போதும். அம்மா நெல் அவிக்கிற அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கேஸை அதில் இறக்கினோம். பேரிங் தானாக நழுவியது. “சோத்துக்கு வச்ச பாத்திரத்துல இதையா போடுவாங்க?” என்று அம்மா திட்டியது தனிக்கதை. புது பேரிங் போடும்போது கேஸ் மட்டும் சூடாக இருக்க வேண்டும், பேரிங் குளிர்ந்திருக்க வேண்டும்.

கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடலாம், மேல்கீழ் ஆட்டம் துளியும் கூடாது. எங்களுக்கு அது நன்றாகவே இருந்தது. இருந்திருக்காவிட்டால் செலவு எங்கேயோ போயிருக்கும். சிலிண்டரில் கீறல் இருந்ததால் லேத் பட்டறையில் 0.25 மி.மீ. போர் செய்து புது பிஸ்டன் போட்டோம். போர் செய்தபின் போர்ட் விளிம்புகளின் கூர்மையை மழுக்கச் சொல்ல மறக்காதீர்கள், ரிங் மாட்டி உடையும். ரிங் சுற்றிவிடாமல் இருக்க பிஸ்டன் பள்ளத்தில் சின்ன ஊசி இருக்கும். ரிங்கின் வாய் அதில்தான் உட்கார வேண்டும். பாயின்ட் இடைவெளி 0.4 மி.மீ. டேங்க் துரு, பெயின்ட் எல்லாம் பொறுமை வேலை, எழுத ஒன்றுமில்லை.

ஒரு முக்கியமான விஷயம். எஞ்சின் நம்பர் கிராங்க் கேஸில்தான் அடித்திருக்கும். அந்த மெக்கானிக் சொன்னபடி வேறு எஞ்சின் போட்டிருந்தால் ஆர்.சி. புக்கோடு நம்பர் ஒத்துவராது. எனவே ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.சி.யை எடுங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் இரு சக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்து 2022-ல் 1000 ஆனது. 20 வருஷம் கடந்த வண்டிக்கு 2025-ல் 2000 ஆக்கினார்கள். தாமதத்துக்குத் தனி. 50 வருஷம் தாண்டினால் 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு உண்டு. எங்கள் வண்டிக்கு அந்த வயசு இல்லை.

லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில் கலந்து ஏழாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. முதலில் சைலன்சரில் தங்கியிருந்த பழைய ஆயில் எரிந்து ஊரே புகையானது. கால் மணி நேரத்தில் புகை அடங்கியது. புது பிஸ்டன் என்பதால் முறுக்காமல், இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு ஓட்டுகிறோம், அதுவும் நெல் களத்துக்குள் மட்டும். ரோட்டில் இறக்க இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும். அதற்குப் பின் விளக்கு எரிய வேண்டும். அதன் 6 வோல்ட் பல்பு ஒன்றுதான் இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் ‘பி’ செக்‌ஷனில் வந்து சொல்லுங்கள்.