திரும்பிச் செல்லும் பாதை

சென்னையில் ஒரு சபாவில் கச்சேரி நடக்கிறது; வானொலி அதை நேரடியாக ஒலிபரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி ஒரு ரசிகர் அமர்ந்திருக்கிறார். விழுப்புரத்தில் இன்னொருவர் மத்திய அலை வானொலிப் பெட்டியை ஒட்டிக் காதை வைத்திருக்கிறார். பாட்டு யாருக்கு முதலில் கேட்கும்?

ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். 10 மீட்டரைக் கடக்க 0.03 வினாடி வேண்டும். வானொலி அலையோ வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்வது. சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஏறத்தாழ 160 கிலோமீட்டர். அதைக் கடக்க 0.0005 வினாடி போதும். ஆகவே விழுப்புரத்துக்காரரே முந்திக்கொள்கிறார்!

சென்னை வானொலி நிலையம் 1938-இல் தொடங்கியது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. இணையம் பயன்படுத்தும் கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். அதாவது வானொலி அலையைவிட மெதுவாக. அப்படியிருக்க, இணையத்தால் செய்தி வேகமாகிவிட்டது என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே. செய்தித்தாளைப் பொறுத்தவரை அது சரி. வெளியூர்ப் பதிப்பு முன்னதாகவே அச்சாகி, இரவோடு இரவாகத் திண்டிவனம் வழியே விழுப்புரம் வந்து சேரும். அச்சான பிறகு நடந்தவற்றை அறிய மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் குறையை வானொலி அப்போதே பெருமளவு தீர்த்துவிட்டதே!

உண்மையில் மாறியது திசை.

வானொலி நிலையம் பல கிலோவாட் ஆற்றலுடன் அலைகளை நாற்புறமும் வீசுகிறது. உங்கள் வீட்டுப் பெட்டி அதை வாங்க மட்டுமே முடியும். பதிலுக்கு நீங்கள் ஒலிபரப்ப வேண்டுமானால் உயரமான கோபுரமும் அரசின் உரிமமும் தேவை. கைப்பேசியோ ஒரே நேரத்தில் வாங்கியும் ஆகும், பரப்பியும் ஆகும். 4ஜி கைப்பேசி அனுப்பும் ஆற்றல் அதிகபட்சம் சுமார் 0.2 வாட். இவ்வளவு சிறிய ஆற்றலைக் கொண்டு உலகெங்கும் எப்படிச் செய்தி அனுப்ப முடிகிறது? அது உலகம் முழுவதையும் எட்ட வேண்டியதில்லை; சற்றுத் தொலைவில் நிற்கும் கோபுரத்தை எட்டினால் போதும். பிறகு பயணம் பெரும்பாலும் கண்ணாடி இழை வழியேதான்.

அந்தப் பயணத்தை அறிய விழுப்புரம் ரயில் சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைகளுக்கு அங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. 2024 டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியபோது அந்தப் பாதை மூடப்பட்டது. சென்னைக்குச் செல்ல வேண்டிய சில ரயில்கள் காட்பாடி வழியாகத் திருப்பி விடப்பட்டன. இணையத்திலும் இதுவே நடக்கிறது. நீங்கள் அனுப்பும் படம் ஆயிரக்கணக்கான சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொன்றிலும் சேர வேண்டிய முகவரி இருக்கும். ஒரு வழி அடைபட்டால், சந்திப்புகளில் உள்ள 'ரௌட்டர்' கருவிகள் வேறு வழியில் அனுப்பிவிடும். ரயில் பெட்டிகளைப் போல அவை வரிசை கலையாமல் செல்ல வேண்டும் என்பதும் இல்லை. முன்பின்னாக வந்தாலும் சேருமிடத்தில் ஒழுங்குபடுத்தப்படும்.

இதில் ஒரு பலவீனம் உண்டு. கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே உள்ள கடைசித் துண்டுக்குப் பெரும்பாலும் மாற்று வழி கிடையாது. புயலில் மின்சாரம் நின்று, கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்தால் எல்லாம் நின்றுவிடும். மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்றை வீட்டில் வைத்திருப்பது இன்றும் நல்லது.

இனி, திசை மாறியதன் விளைவைப் பார்ப்போம். 'நேயர் விருப்பம்' நிகழ்ச்சியைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். பிடித்த பாட்டைக் குறிப்பிட்டு அஞ்சலட்டை எழுதி, நாள்கணக்கில் காத்திருப்பார்கள். நேயரிடமிருந்து நிலையத்துக்குத் திரும்பிச் செல்லும் பாதை அந்த அஞ்சலட்டைதான். இன்று நீங்கள் எதையும் எழுத வேண்டாம். ஒரு காணொளியை எத்தனை வினாடி பார்த்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள் என்பதெல்லாம் தானாகவே திரும்பிச் செல்கிறது. அதைக் கொண்டு அடுத்த காணொளி தெரிவு செய்யப்படுகிறது. வானொலியில் ஊர் முழுவதும் ஒரே பாட்டைக் கேட்டது. இன்றோ ஒரே பெஞ்சில் அமர்ந்த இருவரின் கைப்பேசிகளில் வெவ்வேறு செய்திகள் வருகின்றன. பக்கத்தில் இருப்பவர் எதைப் பார்க்கிறார் என்பதே நமக்குத் தெரியாமல் போவதுதான் எனக்குக் கவலை தருவது.

இன்னொன்று, வடிகட்டி இடம் மாறிவிட்டது. முன்பு நிருபர் அனுப்பிய செய்தியைத் துணையாசிரியர் சரிபார்த்த பிறகே அச்சேறியது. இப்போது செய்தி முதலில் பரவுகிறது. சரிபார்க்கும் வேலை உங்கள் தலையில். இதில் பௌதிகம் கைகொடுக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் என்றால் 5 லட்சம் கன மீட்டர், அதாவது 50 கோடி லிட்டர்! ஏரிகள் ஏன் நிரம்பி வழிந்தன என்பது இதிலிருந்தே விளங்கும்.

இதே மழையை 500 சென்டிமீட்டர் என்று யாரேனும் உங்களுக்கு அனுப்பியிருந்தால்? 500 சென்டிமீட்டர் என்பது 5 மீட்டர். நீர் வடியாமல் நின்றால் ஒரு மாடி வீட்டையே மூழ்கடிக்கும். அனுப்பியவர் மில்லிமீட்டரைச் சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டார் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.